அருவாளை வயலுக்கே திருப்பி அனுப்புவோம்!

தோழர்களே!

எழுந்து வாருங்கள். இன்றிரவு தாமிரபரணிக் கரையில் ஏதோ ஓர் ஊரில் ஓர் அருவாளுக்குச் சாணை பிடிக்கிறார்கள்.

அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. மொட்டைமாடியில் படுத்திருப்பவருக்குக் கேட்கிறது. கேட்டவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

அந்தப் போர்வையை உருவத்தான் இந்த அறைகூவல்.

கோயில் கொடை நடக்கும் காலம் இது. இன்னும் சில நாளில் பள்ளி திறக்கும். பேருந்தில் யாருக்கு எந்த சீட்டு, கபடியில் யார் யாரைத் தோற்கடித்தார், யார் தெருவில் யார் பைக் புகுந்தது, யார் ஸ்டேட்டஸில் யார் படம் வந்தது, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் அந்தக் கணக்கு ஆறவில்லை. ஊறியிருக்கிறது.

நேரமில்லை, தோழர்களே. நாளைக்குப் பேசலாம் என்றால் நாளைக்குள் ஓர் உயிர் போகும். அடுத்த வாரம் கூட்டம் போடலாம் என்றால் அதற்குள் ஒரு பிள்ளையின் விரல் போகும். கண்டனச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுவதில் நாம் கெட்டிக்காரர்கள். போதும். இந்த முறை சுவரொட்டிக்கு முன்னால் போவோம். வெட்டுக்கு முன்னால் போவோம்.

நமக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வோம். நம் காதில் நம் குரலாகவே விழட்டும்.

2023 ஆகஸ்ட். நாங்குநேரி. பிளஸ் டூ படித்த தலித் மாணவன். கூடப் படித்தவர்கள் தன்னைப் படுத்தும் பாட்டைப் பள்ளியில் சொன்னான். இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. கைதானவர்களும் மாணவர்களே.

2024 டிசம்பர் 20. திருநெல்வேலி நீதிமன்ற வாசல். பட்டப்பகல். வழக்குக்கு வந்த இளைஞரை விரட்டி விரட்டி வெட்டிக் கொன்றார்கள். முந்தைய ஆண்டு நடந்த ஒரு கொலைக்குப் பழி என்றது காவல்துறை. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ் என்ன செய்தது என்று உயர் நீதிமன்றமே கேட்டது.

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கம். பரீட்சை எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் அவன் ஜெயித்ததால் வந்த ஆத்திரம் என்றார்கள் வீட்டார்.

2025 மார்ச் 18. திருநெல்வேலி டவுன். அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பிய முன்னாள் காவல் உதவி ஆய்வாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். தன் உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்பே காணொளியில் சொல்லியிருந்தார். சொன்னார். நாடு கேட்டது. காப்பாற்றவில்லை.

2025 ஏப்ரல் 15. பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்பறை. ஒரு பென்சிலில் தொடங்கிய மனத்தாங்கல். புத்தகப் பையிலிருந்து அருவாள் வந்தது. சக மாணவனுக்கு வெட்டு. குறுக்கே பாய்ந்த ஆசிரியைக்கும் வெட்டு.

2025 ஜூலை 27. அதே பாளையங்கோட்டை. சாதி தாண்டி நேசித்த ஓர் இளம் பொறியாளர். தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் அந்தப் பெண்ணின் தம்பி.

நிறுத்துகிறேன். பட்டியல் முடிந்ததால் நிறுத்தவில்லை. நெஞ்சு அடைப்பதால் நிறுத்துகிறேன்.

இதையெல்லாம் அழுவதற்காகச் சொல்லவில்லை, தோழர்களே. எண்ணுவதற்காகச் சொல்கிறேன். ஒரு வெட்டு விழுவதற்கு முன் அந்த அருவாள் எத்தனை கண்களைத் தாண்டி வந்தது? எண்ணுங்கள்.

பட்டறையில் ஒருவர் அதை அடித்தார். பார்த்தார். வாங்க வந்தவனுக்கு வயலும் இல்லை, வாழைத்தோப்பும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கொடுத்தார்.

பைக்கில் முன்னால் உட்கார்ந்தவன் பார்த்தான். பெட்ரோல் போட்ட பையன் பார்த்தான். பரணில் துணிசுற்றி வைத்தபோது அம்மா பார்த்தாள். ஆச்சியும் பார்த்தாள். “எதுக்குல இது?” என்று கேட்டாள். “தேங்காய் வெட்ட” என்றான். அவள் நம்பவில்லை. நம்பியதுபோல இருந்துகொண்டாள்.

ஸ்டேட்டஸில் அருவாள் படம் போட்டான். நூறு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் நெருப்பு பொம்மை போட்டார்கள். சித்தப்பா பார்த்தார். வாத்தியார் பார்த்தார். வார்டு உறுப்பினர் பார்த்தார். “சின்னப் பய, கெத்துக் காட்டுதான்” என்று சிரித்துக்கொண்டார்கள்.

டீக்கடையில் “ஒரு சம்பவம் இருக்கு” என்று ஜாடையாகப் பேசினார்கள். பெஞ்சில் இருந்தவர் கேட்டார். பேப்பரை மடக்கி வைத்துவிட்டுக் காசு கொடுத்துக் கிளம்பினார்.

எத்தனை கண்? எத்தனை காது? இருபதா? முப்பதா? அத்தனையையும் தாண்டித்தான் அருவாள் வந்தது. அத்தனை பேரும் வழிவிட்டோம்.

வெட்டியவன் ஒருவன். வழிவிட்டவர்கள் நாம்.

கசக்கிறதா? கசக்கட்டும். விழுங்குங்கள். இந்தக் கசப்பு இறங்கினால்தான் கால் நகரும்.

அந்த நாங்குநேரிப் பிள்ளையை நினையுங்கள். அவன் வாய் திறந்தான். பள்ளியில் போய்ச் சொன்னான். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிச்சல் அது. அவன் சொன்ன அன்று அவனுக்குப் பின்னால் நூறு பேர் நின்றிருந்தால்? அன்றிரவு அந்த வீட்டு வாசலில் பத்துத் தோழர்கள் பாய்போட்டுப் படுத்திருந்தால்? அருவாள் வந்திருக்குமா?

அவன் தனியாகப் பேசினான். அதனால் வெட்டுப்பட்டான். பேசியது தவறில்லை. தனியாக விட்டதுதான் தவறு.

வெட்டுப்பட்ட கையோடு, வேறொருவர் எழுத, அவன் பரீட்சை எழுதித் தேறினான். அவன் தேறிவிட்டான், தோழர்களே. நாம்தான் இன்னும் தேறவில்லை.

இப்போது நம் சாக்குகளை எடுத்து வெளியே போடுவோம். ஒவ்வொன்றாக.

“நமக்கெதுக்கு வம்பு?” வம்பு உங்கள் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வராது. பேருந்தில் உங்கள் மகளும் போகிறாள். வகுப்பறையில் உங்கள் பேரனும் இருக்கிறான். குறுக்கே வந்த ஆசிரியைக்கு என்ன பகை இருந்தது? பகை இல்லாதவர்களையும் அருவாள் வெட்டும்.

“போலீஸ் பார்த்துக்கும்.” போலீஸ் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க வைப்போம். ஆனால் போலீசுக்குத் தெரியும் முன் தெருவுக்குத் தெரியும். பரணில் இருப்பது ஸ்டேஷனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

“ரெண்டு பக்கமும் தப்பு.” இல்லை. இந்தப் பொய்யை நம் வாயால் சொல்லாதிருப்போம். காலங்காலமாக யார் தெருவுக்குள் யார் புகுந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். செருப்புப் போட்டு நடந்ததற்கு வெட்டு, படித்ததற்கு வெட்டு, ஜெயித்ததற்கு வெட்டு, காதலித்ததற்கு வெட்டு. இதற்குப் பெயர் சாதி. அதைச் சாதி என்றே சொல்வோம்.

“அவன் நம்ம பய.” இதோ, இதுதான் பெரிய சாக்கு. இதற்குள்தான் எல்லா அருவாளும் ஒளிந்திருக்கிறது.

தோழர்களே, எதிரிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்த இந்த மண்ணில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சொந்தத் தெருவில், சொந்தப் பந்தலில், சொந்தச் சித்தப்பன் மகனிடம் “வேண்டாம்ல, வையி கீழே” என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதைச் சொன்னால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கொடைக்கு வரி வாங்க மாட்டார்கள். “இவன் நம்ம ரத்தமால?” என்பார்கள்.

கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பதுதான் துணிச்சல். மற்றதெல்லாம் மீசை.

ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழரே, உங்களுக்குத்தான் இந்த வேலை அதிகம். ஒடுக்கப்பட்டவர் தெருவுக்கு வந்து ஆறுதல் சொன்னது போதும். உங்கள் தெருவுக்குத் திரும்புங்கள். உங்கள் தெருவில்தான் சாணைச் சத்தம் கேட்கிறது. அங்கே போய்ப் பேசுங்கள். அங்கே போய் நில்லுங்கள். அங்கே தனிமைப்படுங்கள். உங்கள் தனிமையைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் வருகிறோம்.

ஒடுக்கப்பட்ட தெருவின் தோழரே, உங்கள் கோபம் நியாயம். ஒரு சொட்டுக்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் அதைக் கொண்டுபோய் அருவாளிடம் அடகு வைக்க வேண்டாம். திருப்பி ஒரு வெட்டு விழுந்தால் வழக்கு யார் மேல் பாயும்? எந்தத் தெருவில் நள்ளிரவில் கதவு தட்டப்படும்? எந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கும்? நமக்குத் தெரியும். நம் கோபத்துக்கு நீண்ட ஆயுள் வேண்டும். அருவாள் அதை ஒரே இரவில் தின்றுவிடும்.

இந்த ஆற்றங்கரைக்கு நினைவு நீளம்.

1995இல் கொடியங்குளத்தில் போலீசே புகுந்து வீடுகளைச் சூறையாடியதைப் பார்த்தது இந்த வட்டாரம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையோடு 17 பேர் செத்தார்கள். அந்தத் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறோம்.

1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒடுக்கப்பட்டவர் ஒருவரின் பெயரை வைத்ததற்கே தெற்கு எரிந்தது. அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்தது. பெயரை எடுத்தார்கள். அருவாளை எடுக்கவில்லை. சாதியைத் தொடவே இல்லை.

அதனால் சொல்கிறோம். வெட்டியவன் போலீஸ் பிடியில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். “வழுக்கி விழுந்தான்” என்ற கதைக்குச் சிரிக்காதீர்கள். அந்தக் கட்டு நீதியாகாது. கட்டு பிரிந்ததும் அவன் ஹீரோ ஆவான். அவனுக்குப் பின்னால் பத்துப் பையன்கள் பைக்கில் வருவார்கள். நமக்கு வேண்டியது மாவுக்கட்டு இல்லை. ஒழுங்கான வழக்கு, பிறழாத சாட்சி, இழுக்காத தீர்ப்பு.

கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர்க் குழுவாகப் போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது என்றார். பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றார். ஆசிரியர்களைக் குறித்த காலத்தில் இடம் மாற்று என்றார். பள்ளிக்கு நல அலுவலர் வேண்டும் என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எப்போது வந்தது? வந்ததா? போய்க் கேளுங்கள். நாளைக்கே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்க் கேளுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. எத்தனை ஸ்டேஷனில் அந்தப் பிரிவைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்? நாம் பிரித்துக் காட்டுவோம். மனுவில் எழுதுவோம். ரசீது வாங்காமல் படியிறங்க மாட்டோம்.

ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்காக 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். நம் போராட்டம் இல்லாமல் அந்த அறிவிப்பு இல்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். சட்டம் வெட்டு விழுந்த பிறகு வரும். நாம் வெட்டு விழும் முன் வர வேண்டும்.

எப்படி வருவது? சொல்கிறோம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றே தொடங்குங்கள்.

பரணில் ஏறுங்கள். முதலில் சொந்த வீட்டுப் பரண். கட்டிலுக்கு அடியில், வைக்கோல் படப்பில், பம்ப் செட்டில், பைக் சீட்டுக்கு அடியில் பாருங்கள். வயலுக்குரியது வயலுக்குப் போகட்டும். மற்றது இன்றிரவு வீட்டில் தங்கக் கூடாது. மகன் முறைப்பான். முறைக்கட்டும். பிணவறை வாசலில் நிற்பதைவிட மகனின் முறைப்பு மேல்.

பட்டறைக்குப் போங்கள். கொல்லரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கதிர் அறுக்கும் பன்னருவாளுக்குப் பல் உண்டு. தார் வெட்டும் அருவாளுக்கு ஓர் அளவு உண்டு. வீச்சருவாள் எதற்கு? கை நீளத்துக்கு அலகு எதற்கு? அந்த உயரத்தில் எந்தக் கதிரும் விளைவதில்லை என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகை ஆயுதம் என்று வகைப்படுத்துகிறது ஆயுதச் சட்ட விதி. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரியதற்கு விலக்குத் தருகிறது. அந்த விலக்குக்குள் நுழைந்துதான் கொலைக்கருவி வெளியே வருகிறது. வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் குறித்து வையுங்கள் என்று 2021இல் போலீஸ் சொன்னது. சொல்லிவிட்டுப் போனது. கொல்லரைத் தனியாக விடாதீர்கள். “பேர் சொல்லாமல் கொடுக்க மாட்டேன்” என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நாம் நிற்போம். அவர் உலையும் எரிய வேண்டும், அவர் மனதும் குளிர வேண்டும்.

பள்ளிக்குப் போங்கள். திறக்கும் நாளிலேயே போங்கள். பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நில்லுங்கள். மாலை நாலரைக்கு நில்லுங்கள். இரண்டு தெருவிலிருந்தும் இரண்டு பேராக நில்லுங்கள். சும்மா நின்றாலே போதும். பெரியவர்கள் நிற்கும் இடத்தில் அருவாள் தயங்கும். கபடி அணியைச் சாதிக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். கலந்து போடுங்கள். ஒரே அணியில் மூச்சுப்பிடித்தவனை வெட்டக் கை எழாது.

பிள்ளை ஒன்று “பயமா இருக்கு” என்று சொன்னால் அன்றே எழுந்து போங்கள். நாளை இல்லை. அன்றே. குழந்தைகளுக்கு 1098. பள்ளிப் புகாருக்கு 14417. ஆபத்து என்றால் 112. இந்த மூன்று எண்ணையும் டீக்கடைச் சுவரில் எழுதுங்கள். கோயில் சுவரில் எழுதுங்கள். தேவாலய வாசலில், பள்ளிவாசல் மதிலில் எழுதுங்கள். கண்டன வாசகம் எழுதத் தெரிந்த கைக்கு இது எம்மாத்திரம்?

கொடைக்குப் போங்கள். ஃபிளெக்ஸில் அருவாளும் வேலும் மீசையுமாக நிற்கும் பையன்களின் படத்தைப் பாருங்கள். யார் காசு கொடுத்தது? விசாரியுங்கள். படத்தை இறக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவைப் பார்த்து எந்தப் பாட்டு அலறுகிறது? நிறுத்தச் சொல்லுங்கள். சாமி கேட்பது பொங்கலும் பூவும். பக்கத்துத் தெருப் பிள்ளையின் ரத்தத்தைச் சாமி கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடைவெளிக்குள் புகுங்கள்.

எந்த இடைவெளி? ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. பழி வானத்திலிருந்து விழுவதில்லை. அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் முளைக்கிறது. பிணவறை வாசலில் சத்தியம் வாங்குகிறது. பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஆள் பிரிக்கிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஃபிளெக்ஸில் நாள் குறிக்கிறது. மணிக்கணக்கு, நாள்கணக்கு, சிலநேரம் வருடக்கணக்கு. அவ்வளவு நேரம் நமக்குத் தருகிறார்கள். அந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம்?

இனி அங்கே இருப்போம். வராந்தாவில் இருப்போம். பிணவறை வாசலில் இருப்போம். பதினாறாம் நாள் பந்தியில் இருப்போம். செத்தவரின் தம்பிக்குப் பக்கத்தில் உட்காருவோம். அவன் தோளில் கைபோட்டுச் சொல்வோம்: “ஏல, உங்க அண்ணனுக்கு நியாயம் வாங்கித் தருவோம். வக்கீல் நாங்க பார்க்கோம். சாட்சிக்கு நாங்க நிக்கோம். நீ ஜெயிலுக்குப் போனா உங்க அம்மைக்கு ரெண்டு பிள்ளையும் போச்சுல.” அதைச் சொன்னால் மட்டும் போதாது. செய்ய வேண்டும். வாய்தா வாய்தாவாகப் போக வேண்டும். நியாயம் வராத ஊரில்தான் பழி வரும்.

சாட்சிக்குக் காவலாக நில்லுங்கள். பார்த்தவர் பயந்தால் வழக்கு செத்தது. வழக்கு செத்தால் இன்னோர் ஆள் சாவான். கோர்ட்டுக்கு ஒரு சாட்சி போகும் நாளில் ஐம்பது பேர் கூடப் போவோம். அந்த நீதிமன்ற வாசல் இனி கொலைக்களம் இல்லை என்று நம் கால்களால் எழுதுவோம்.

“இதெல்லாம் நடக்குமா?” என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுக்கிறார். கேட்கிறது.

நடந்திருக்கிறது, தோழரே.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1993இல் லட்சம் பேருக்கு 80 கொலை. பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நள்ளிரவுக்குப் பின் சாராயக் கடையை மூடினார்கள். ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கிக் குழந்தைகளுக்குக் கரண்டி செய்தார்கள். ஊரே தெருவுக்கு வந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கத்திக்குப் பேர்போன ஊர். 2005இல் வன்முறையை நோய் என்று பெயரிட்டு மருந்து தேடினார்கள். கும்பல் பையன்களை நீதிமன்றத்துக்குள் உட்கார வைத்தார்கள். வெட்டுக்காயம் தைத்த மருத்துவர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசினார். வேலை வேண்டுமா, படிப்பு வேண்டுமா, வா என்றார்கள். பையன்கள் வந்தார்கள். கத்தி குறைந்தது.

மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் முடிந்தும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. 1995இல் தேவாலயங்கள் முன்வந்தன. துப்பாக்கியைக் கொடு, தையல் இயந்திரம் வாங்கு. துப்பாக்கியைக் கொடு, சைக்கிள் வாங்கு. துப்பாக்கியைக் கொடு, மண்வெட்டி வாங்கு.

அவர்கள் கொலைக்கருவியைக் கொடுத்து வேலைக்கருவி வாங்கினார்கள். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நம் கையில் இருப்பது பிறப்பிலேயே வேலைக்கருவி. கதிர் அறுக்கப் பிறந்தது அருவாள். கார் நெல் அறுவடைக்குப் பிறந்தது. பிசான நெல் அறுவடைக்குப் பிறந்தது. முள் வெட்ட, ஓலை வெட்ட, தார் இறக்க, இளநீர் சீவப் பிறந்தது. அதைச் சாதி கடத்திக்கொண்டு போயிருக்கிறது.

மீட்டுக்கொண்டு வருவோம், தோழர்களே. திருடு போனது நம் பொருள்.

ஆனால் வெறுங்கையோடு போய் “அருவாளைக் கீழே போடு” என்று சொன்னால் பையன் கேட்க மாட்டான். அந்தக் கைக்கு வேலை எங்கே? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மூன்று வருடம் பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. சாதிச் சங்கத்துக்காரர் ஒருவர்தான் “வா தம்பி” என்றார். பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார். பைக்குக்குப் பெட்ரோல் போட்டார். ஒருநாள் வேலை சொன்னார்.

அவருக்கு முன்னால் நாம் கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போதாவது கூப்பிடுவோம். நூலகத்துக்குக் கூப்பிடுவோம். விளையாட்டுக்குக் கூப்பிடுவோம். சங்கத்துக்குக் கூப்பிடுவோம். வேலை கேட்டு நடக்கும் ஊர்வலத்தின் முன்வரிசைக்குக் கூப்பிடுவோம். அவன் கோபத்துக்குச் சரியான முகவரி கொடுப்போம். பக்கத்துத் தெரு அந்த முகவரி ஆகாது.

தோழர்களே, கடைசியாக ஒன்று.

அந்த எட்டாம் வகுப்பு ஆசிரியைக்கு யோசிக்க நேரம் இருந்ததா? அவர் சாதி பார்த்தாரா? கணக்குப் பார்த்தாரா? ஒரு பிள்ளை வெட்டுகிறது, ஒரு பிள்ளை வெட்டுப்படுகிறது. பாய்ந்தார். வெறுங்கையோடு பாய்ந்தார். கையில் வெட்டு வாங்கினார்.

நீதிமன்ற வாசலிலும் அப்படி ஓடியவர்கள் உண்டு. அருவாளோடு ஓடியவனை விரட்டிப் பிடித்தவர்கள் உண்டு.

அப்படியானால் துணிச்சல் இந்த மண்ணில் செத்துப்போகவில்லை. ஒருவர் இருவராகச் சிதறிக் கிடக்கிறது. அது கடைசி நொடியில்தான் எழுகிறது. அதை முதல் நொடிக்குக் கொண்டுவர வேண்டும். சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை.

அந்த ஆசிரியை கடைசி நொடியில் கை நீட்டினார். நாம் ஒரு நாள் முன்னால் நீட்டுவோம். வெட்டுக் கையில் விழாது. அருவாள் கைக்கு வரும்.

எழுந்துவிட்டீர்களா?

கேளுங்கள். சாணைச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும். எப்போதும் தெரியும். போர்வையை உதறுங்கள். பக்கத்து வீட்டுத் தோழரை எழுப்புங்கள். எதிர்வீட்டு அக்காவை எழுப்புங்கள். நாலு பேராகப் போங்கள். நாற்பது பேராகப் போங்கள். டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேறெதுவும் வேண்டாம். வெறுங்கையோடு போங்கள்.

கதவைத் தட்டுங்கள்.

“யாரது?” என்பார்கள்.

“ஊர் வந்திருக்கு, கதவைத் திற” என்று சொல்லுங்கள்.